பதியனும் விதையும்: பழைய கணினி புதிய டிஸ்குக்கு மாறும் இரு வழிகள்

மதுரையில் நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சந்தில் நண்பர் ஒருவர் டி.டி.பி. கடை நடத்துகிறார். மனு, வாடகை ஒப்பந்தம், பத்திர நகல், முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை என்று வேலை ஓடும். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே கணினி, அதற்குள் ஒரே 500 ஜிபி ஹார்டு டிஸ்க். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, எதிர்க்கடையில் டீ குடித்துத் திரும்பினாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஒரு நாள் மனம் பொறுக்காமல் 480 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி வந்துவிட்டார்.

வாங்கிய பிறகுதான் குழப்பம். சர்வீஸுக்கு வந்த ஒரு தம்பி, "ஃபார்மட் அடிச்சு புதுசா ஓ.எஸ். போட்டுடலாம்ணே, சிஸ்டம் பறக்கும்" என்றிருக்கிறார். இன்னொருவர், "எதுக்கு? உள்ள இருக்கறத அப்படியே குளோன் போட்டுக்கலாம்" என்றிருக்கிறார். நண்பர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "அண்ணே, எதை வேணா செய்யுங்க. என் எழுத்து மட்டும் போயிடக் கூடாது."

அதே மாதத்தில் எங்கள் வீட்டு லேப்டாப்புக்கும் டிஸ்க் மாற்ற வேண்டியிருந்தது. கடைக் கணினியைக் குளோன் செய்தேன். வீட்டு லேப்டாப்பில் எல்லாவற்றையும் புதிதாக நிறுவினேன். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து பார்த்ததில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. குளோன், நாம் மறந்துபோனதையும் சுமந்து வருகிறது. புதிதாக நிறுவினால், நாம் நினைவு வைத்திருப்பது மட்டுமே வந்து சேர்கிறது. வேகம், நேரம், செலவு என்று மற்றவை எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

இரண்டும் உள்ளே செய்வது என்ன?

குளோன் என்ற சொல்லே தோட்டத்திலிருந்து வந்தது. கிரேக்க மொழியில் அதற்குச் சிறுகிளை என்று பொருள். விதையில்லாமல் கிளையிலிருந்து பெருக்கும் செடிகளைக் குறிக்க 1903-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஹெர்பர்ட் வெப்பர் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நம் ஊரில் அதற்குப் பதியன் என்று பெயர். பதியன் போட்ட மல்லிகை, தாய்ச்செடியின் மணத்தை மாறாமல் கொண்டுவரும். தாய்ச்செடியில் நோய் இருந்தால் அதையும் கொண்டுவரும். டிஸ்க் குளோனுக்கும் இந்த இரண்டு குணமும் உண்டு.

குளோன் கருவி பழைய டிஸ்கில் எழுதியிருப்பதன் பொருளைப் பற்றிக் கவலைப்படாது. எந்த இடத்தில் எந்த பைட் இருக்கிறதோ, அதே வரிசையில் புதிய டிஸ்கில் எழுதும். தைவானின் தேசிய உயர்செயல் கணினி மையம் உருவாக்கிய கிளோன்சில்லா போன்ற கருவிகள், காலியிடத்தை விட்டுவிட்டுக் கோப்பு இருக்கும் பகுதிகளை மட்டும் எடுத்துப்போகும். நேரம் மிச்சமாவது அதனால்தான்.

"சி டிரைவ்ல இருக்கறத எல்லாம் காப்பி பண்ணி ஒட்டுனா போதாதா?" என்று நண்பர் கேட்டார். பலருக்கும் தோன்றும் கேள்வி. போதாது. கணினி உயிர்பெறத் தேவையான ஒரு பகுதி சி டிரைவுக்கு வெளியே இருக்கிறது. கடைக் கணினி போன்ற பழைய முறை டிஸ்கில் முதல் 512 பைட்டுகள்தான் வாசல். அதில் 446 பைட் தொடக்க நிரல். 64 பைட் எந்தப் பிரிவு எங்கே என்று சொல்லும் அட்டவணை. கடைசி 2 பைட் முத்திரை. எங்கள் லேப்டாப் போன்ற புதிய முறை டிஸ்கில் இதே வேலையை, கோப்புப் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறிய பிரிவு செய்கிறது. விண்டோஸ் அதற்கு வழக்கமாக 100 எம்பி ஒதுக்கும். கூடவே 16 எம்பி அளவில் ஒரு ஒதுக்கீடு, பழுதுபார்க்கும் கருவிகளுக்கு ஒரு மீட்புப் பிரிவு. குளோன் இவை அனைத்தையும் சேர்த்தே எடுத்துவரும். புதிதாக நிறுவும்போது விண்டோஸே இவற்றை முதலிலிருந்து கட்டிக்கொள்ளும். காப்பி செய்து ஒட்டினால் இவற்றில் எதுவுமே வராது, கணினி கிளம்பாது.

வேகம் எங்கிருந்து வந்தது?

ஃபார்மட் அடித்தால் கணினி பறக்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதை முதலில் பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் எடுக்கிறது. தேடும் தகவல் படிக்கும் தலைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். தலை சரியான தடத்துக்கு நகர இன்னும் ஏறத்தாழ 9 மில்லிசெகண்ட் ஆகும். ஆக, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை ஒரு விநாடிக்கு நூறு முறை எடுப்பதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். விண்டோஸ் கிளம்பும்போது கேட்பதோ இப்படிச் சிதறிய ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. கூட விநாடிக்குப் பல்லாயிரம் முறை எடுத்துத் தரும்.

கடைக் கணினியில் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் குளோன் செய்தோம். அதே பழைய விண்டோஸ், அதே குப்பை. ஆனாலும் டீக்கடைக்குப் போய்வரும் நேரம் அரை நிமிடமாகச் சுருங்கியது. வீட்டு லேப்டாப்பில் எல்லாம் புதிது; அதுவும் கிளம்பும் நேரத்தில் கடைக் கணினியிலிருந்து பெரிய வித்தியாசம் காட்டவில்லை. வேகத்தில் பெரும்பங்கு டிஸ்குக்கு உரியது. புதிதாக நிறுவுவதால் கிடைப்பது வேறு நன்மைகள். வேகத்துக்காகவே ஃபார்மட் அடிக்கத் துணிகிறவர்கள், டிஸ்க் தரப்போகும் பலனுக்காகத் தங்கள் கோப்புகளைப் பணயம் வைக்கிறார்கள்.

கடைக் கணினி: குளோன் காப்பாற்றியது

நண்பரின் கவலை எழுத்துருவைப் பற்றியது. அவருடைய பன்னிரண்டு ஆண்டுக் கோப்புகளும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. இவை யூனிகோடு வருவதற்கு முந்தைய ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். பாமினி இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல்லைத் திறந்தால் திரையில் தெரிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கோப்பு அழியவில்லை, ஒரு பைட் கூடக் குறையவில்லை. படிக்கத்தான் முடியாது. ஓர் எழுத்துரு விட்டுப்போனால் ஒரு கடையின் முழு உழைப்பும் இப்படி ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும்.

எழுத்துருவைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்றால், எது எது என்று அவருக்கே நினைவில்லை. வாடிக்கையாளர் பென் டிரைவில் கொண்டுவந்தது, பத்திரிகை அச்சகத்தார் அனுப்பியது, முன்பு வேலை பார்த்த பையன் போட்டது என்று நூற்றுக்கு மேல் இருந்தன. பக்க வடிவமைப்புக்கு அவர் இன்றும் நம்புவது பேஜ்மேக்கர் 7.0. அது வெளிவந்தது 2001-இல்; அதற்குப் பிறகு அடுத்த பெரிய பதிப்பே வரவில்லை. அவரிடம் இருந்த சி.டி. எப்போதோ தொலைந்துவிட்டது. புதிதாக நிறுவினால், அந்த மென்பொருளை நிறுவ வழியே இல்லை. விசைப்பலகை மென்பொருளில் அவர் கைக்கு ஏற்றபடி செய்துவைத்த மாற்றங்களும் அப்படித்தான்.

இந்தக் கணினிக்குக் குளோனைத் தவிர வேறு வழி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேலையில் ஒரு முட்டுக்கட்டை வந்தது. 500 ஜிபி என்று விற்கும் டிஸ்க் விண்டோஸில் 465 ஜிபியாகத் தெரியும். 480 ஜிபி எஸ்.எஸ்.டி. 447 ஆகத் தெரியும். உள்ளே நிரம்பியிருந்தது 180 ஜிபிதான் என்றாலும், புதிய டிஸ்க் சிறியது என்று கண்டதுமே கருவி நின்றுவிட்டது. டி டிரைவின் கடைசியில் 30 ஜிபியைச் சுருக்கிக் காலி செய்துவிட்டு, அளவைச் சரிபார்க்க வேண்டாம் என்று கருவியிடம் சொல்லித் தொடர்ந்தோம். நண்பர் 512 ஜிபி வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அது 476 ஆகத் தெரியும், தாராளமாகப் போதும். குளோன் செய்ய நினைப்பவர்கள் டிஸ்க் வாங்கும் முன்பே பார்க்க வேண்டிய கணக்கு இது.

அடுத்து வந்த திரைதான் முக்கியமானது. எதிலிருந்து எதற்கு என்று கருவி கேட்கிறது. இரண்டு டிஸ்குகளும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பெயர்களில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. திசையை மாற்றிக் கொடுத்துவிட்டால், காலியான டிஸ்கை நிரம்பிய டிஸ்கின் மேல் எழுதிவிடும். பன்னிரண்டு ஆண்டுகளும் போய்விடும். நண்பரைப் பழைய டிஸ்கின் மேல் ஒட்டியிருந்த தாளிலிருந்து வரிசை எண்ணை உரக்கப் படிக்கச் சொன்னேன். நான் திரையில் இருந்த எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன். பிறகு எஸ்.எஸ்.டி.யின் எண்ணையும் படித்தார். அதற்கு அப்புறம்தான் எண்டர் விசையைத் தொட்டேன். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. முதல் முறை கணினியைக் கிளப்பும் முன் பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டோம். இரண்டு டிஸ்குகளும் ஒரே அடையாள எண்ணைச் சுமந்துகொண்டு ஒரே நேரத்தில் இணைந்திருந்தால் விண்டோஸ் தடுமாறும்.

ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையைத் திறந்தார். எழுத்துகள் அத்தனையும் அதனதன் இடத்தில் இருந்தன. கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

பதியனோடு வரும் நோய்

ஆனால் குளோன் நல்லதை மட்டும் கொண்டுவராது. கடைக் கணினி விண்டோஸ் 7-இல் தொடங்கி விண்டோஸ் 10-க்கு மேம்படுத்தப்பட்டது. அந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவை நிறுத்திவிட்டது. அந்தப் பழைய வன்பொருளுக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகப் பொருந்தாது. ஆகவே குளோன் செய்த கணினியை இணையத்திலிருந்து துண்டித்துப் பக்க வடிவமைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளும்படி சொன்னேன். மின்னஞ்சலுக்கும் இணையவழி விண்ணப்பங்களுக்கும் வேறு கணினி வேண்டும். குளோன் அதன் ஆயுளை நீட்டியது உண்மை. அதற்குப் பாதுகாப்பைக் கூட்டவில்லை. வைரஸ் இருந்தாலும் குளோன் அதையும் அப்படியே கொண்டுவந்து சேர்க்கும்.

பழைய காலத்து முடிவுகளும் கூடவே வரும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் முதல் பிரிவு 63-ஆவது செக்டரில் தொடங்கியது. ஒரு செக்டர் 512 பைட். இன்றைய டிஸ்குகள் 4096 பைட் கட்டங்களாக, அதாவது எட்டு செக்டர்களை ஒன்றாகக் கையாள்கின்றன. 63 எட்டால் வகுபடாது. அதனால் ஒவ்வொரு கட்டமும் கோடு தாண்டி உட்கார்ந்து, ஒரு முறை எழுதும் வேலை இரண்டு முறை ஆகிறது. விஸ்டா முதல் 1 எம்பி தள்ளித் தொடங்குவதால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. எக்ஸ்பி காலத்தில் பிரித்த டிஸ்கை அடுத்தடுத்துக் குளோன் செய்துவந்தவர்களுக்கு அந்த 63 இன்றும் தொடரலாம்.

மீட்புப் பிரிவும் அப்படித்தான். 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 பாதுகாப்புப் புதுப்பிப்பு பல கணினிகளில் ஏறாமல் பிழை காட்டியது. மீட்புப் பிரிவில் இடம் போதவில்லை என்பதே காரணம். அதை 250 எம்பி பெரிதாக்கும்படி மைக்ரோசாஃப்டே வழி சொல்ல வேண்டியதாயிற்று. குறுகிய பிரிவைக் குளோன் குறுகியதாகவே கொண்டுவரும். பெரிய டிஸ்குக்குப் போகும்போது அது சி டிரைவுக்கும் காலியிடத்துக்கும் நடுவில் சுவர்போல நின்று, சி டிரைவை விரிக்க விடாமல் தடுப்பதும் உண்டு.

வீட்டு லேப்டாப்: புதிய விதை

எங்கள் லேப்டாப் ஆறு ஆண்டு பழையது. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் 1 டிபி ஹார்டு டிஸ்கோடு வந்தது. தாய்ப்பலகையில் எம்.2 வகை எஸ்.எஸ்.டி.க்கு இடம் இருந்தது. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், ஒரே ஒரு ஸ்குரூ. விண்டோஸ் 11-க்குத் தேவையான தகுதிகளும் அதற்கு இருந்தன. உள்ளே இருந்ததோ யாரும் திறந்தே பார்க்காத மென்பொருள் குவியல். அதைச் சுமந்துபோக எந்தக் காரணமும் இல்லை.

8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸை இறக்கி, இருபது நிமிடத்தில் நிறுவியாயிற்று. உரிமம் பற்றிப் பலர் பயப்படுவார்கள். விண்டோஸ் 10, 11-இன் டிஜிட்டல் உரிமம் முக்கியமாகத் தாய்ப்பலகையை வைத்துத்தான் கணினியை அடையாளம் காண்கிறது. டிஸ்க் மட்டும் மாறினால், அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்ததும் தானாகச் செயல்படும். எங்களுக்கும் அப்படியே ஆயிற்று.

இருபது நிமிடத்தில் முடிந்தது விண்டோஸின் வேலை. என் வேலை ஒரு மாதம் நீண்டது. முதல் நாள் பிரிண்டர், ஸ்கேனர் டிரைவர்கள். மறுநாள், பழைய டிஸ்கிலிருந்து குரோம் கோப்புறையைக் கொண்டுவந்து வைத்தும் கடவுச்சொற்கள் திறக்கவில்லை. அவை பழைய விண்டோஸின் பயனர் கணக்கோடு பூட்டப்பட்டவை. அடுத்த வாரம் ஓர் எழுத்துரு. விண்டோஸின் பொது எழுத்துருக் கோப்புறையைப் பத்திரமாகக் காப்பி செய்திருந்தேன். ஆனால் விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில், தனி ஒருவருக்கென்று நிறுவிய எழுத்துரு அவருடைய சொந்தக் கோப்புறைக்குள் மறைவாக உட்கார்ந்திருக்கும். அது விட்டுப்போயிருந்தது.

மூன்றாவது வாரம் அம்மா கேட்டார்: "அப்பா எழுதி வச்ச மஞ்சச் சீட்டெல்லாம் எங்கப்பா?"

அப்பா கடைசி இரண்டு ஆண்டுகள் அந்த லேப்டாப்பில்தான் எல்லாம் குறித்து வைத்தார். திரையில் மஞ்சள் தாள்போல ஒட்டும் ஸ்டிக்கி நோட்ஸ். எந்த வயல் யாருக்குக் குத்தகை, கோயில் வரி எப்போது கட்ட வேண்டும், அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை எந்த நேரம், அக்கா மகளுக்குச் சீர் செய்த கணக்கு. டாகுமென்ட்ஸ், போட்டோக்கள், டவுன்லோட்ஸ் என்று எல்லாக் கோப்புறைகளையும் எண்ணி எண்ணி எடுத்திருந்த எனக்கு, அந்தச் சீட்டுகளும் எங்கோ ஒரு கோப்பில்தான் இருக்கும் என்று தோன்றவே இல்லை. அவை ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள் பல படிகள் கீழே, 'பிளம்' என்ற பெயரில் ஒரே தரவுக் கோப்பாக இருந்தன. பழைய டிஸ்கை நான் அழிக்காமல் வைத்திருந்ததால் கிடைத்தன. அந்தக் கோப்பைக் கொண்டுவந்து வைத்ததும் சீட்டுகள் ஒவ்வொன்றாகத் திரையில் விரிந்தன. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் படித்தார்.

குளோன் செய்திருந்தால் அந்த மூன்று வாரமும் சீட்டுகள் காணாமல் போயிருக்காது. புதிதாக நிறுவுவது ஒரு தேர்வு. நம் கணினியில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியுமா என்று அது கேட்கிறது. என்னைப் போலவே பெரும்பாலோர் அதில் முழு மதிப்பெண் வாங்க மாட்டோம்.

இரண்டும் பொருந்தாத நேரம்

பழைய டிஸ்கே சாகக் கிடந்தால் இந்த ஒப்பீடு தலைகீழாகும். டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் அட்டவணையில், மாற்றியமைத்த செக்டர்கள், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள் என்ற இரண்டு வரிகளில் எண் ஏறிக்கொண்டே போனால், குளோன் செய்வதற்கே அந்த டிஸ்கில் உயிர் இருக்காது. படிக்க முடியாத இடத்தில் ஒரு விண்டோஸ் கோப்பு இருந்தால், குளோனிலும் அங்கே ஓட்டைதான் இருக்கும். அப்போது முதலில் நம் சொந்தக் கோப்புகள், பிறகு மற்றவை. டிடிரெஸ்க்யூ என்ற கருவி நல்ல பகுதிகளை முதலில் எடுத்து முடித்துவிட்டு, பழுதான இடங்களுக்குக் கடைசியில் திரும்பிப் போகும். இயங்குதளத்தைப் புதிதாகவே போட்டுவிடலாம்.

டிஸ்கில் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், எந்த வழியானாலும் அதன் 48 இலக்க மீட்பு எண் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாட்டா இணைப்பு டிஸ்கிலிருந்து என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி.க்குக் குளோன் செய்தால், டிஸ்கைக் காணவில்லை என்று நீலத்திரை வரக்கூடும். ஒரு முறை சேஃப் மோடில் கிளப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

லினக்ஸில் இந்த இரண்டு வழிகளுக்கும் இடைவெளி குறைவு. நிறுவிய மென்பொருள்களின் பட்டியலை ஒரே கட்டளையில் எழுதி வாங்கலாம். சொந்த அமைப்புகள் பெரும்பாலும் ஹோம் கோப்புறைக்குள்ளேயே இருக்கும். ஆப்பிள் இயங்குதளத்தை நம் தகவல்களிலிருந்து தனிப் பகுதியாகப் பிரித்து, 2020-இல் பிக் சர் பதிப்பில் அந்தப் பகுதியை முத்திரையிட்டும் விட்டது. புதிதாக நிறுவி, இடமாற்றக் கருவியால் தகவலைக் கொண்டுவருவதே அங்கே இயல்பான வழி. விண்டோஸிலும் இப்போது விங்கெட் என்ற கட்டளை நிறுவிய மென்பொருள்களில் தனக்குத் தெரிந்தவற்றைப் பட்டியலிட்டுத் தரும். நம் நினைவின் பாரத்தை இயந்திரமே கொஞ்சம் தாங்க முன்வருகிறது. ஆனால் தொலைந்துபோன சி.டி.யும், அப்பாவின் மஞ்சள் சீட்டும் எந்தப் பட்டியலிலும் வராது.

முடிவாக

கணினியில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுத முடிகிறவர்கள், புதிய வன்பொருளுக்குப் போகிறவர்கள், வைரஸ் பிடித்த கணினி வைத்திருப்பவர்கள் புதிதாக நிறுவட்டும். எழுத முடியாதவர்கள், இனிக் கிடைக்காத மென்பொருளை நம்பிப் பிழைப்பவர்கள் குளோன் செய்யட்டும். எதைச் செய்தாலும் பழைய டிஸ்கைக் குறைந்தது மூன்று மாதம் தொடாமல் வையுங்கள். எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. இன்னொருவருக்கு வருமான வரிக் கணக்கு தேடும் நாள் வரை ஆகலாம்.

போன வாரம் நண்பரின் கடைக்குப் போனேன். கல்லாப்பெட்டியின் கீழ் அறையில் பழைய டிஸ்க், எஸ்.எஸ்.டி. வந்த உறைக்குள், மேலே தேதி எழுதி இருந்தது. பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. புதிதாக எந்த எழுத்துரு வந்தாலும், யார் கொடுத்தது, எந்த வேலைக்கு என்று அதில் எழுதிக்கொண்டு வருகிறார். "அடுத்த தடவை சிஸ்டம் மாத்துறப்ப புதுசாவே போட்டுக்கலாம்ணே" என்றார். நோட்டில் ஏழு பக்கம் நிறைந்திருந்தது.